சார்ஜர் வெடித்த பிறகும் ஓடிய லேப்டாப்: ஒரு பழுதுநீக்கல் பதிவு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கடை வளாகம், அதன் மேல்மாடியில் ஒரு வரிக் கணக்காளர் அலுவலகம். ஐம்பது வயதை ஒட்டிய உரிமையாளர், அவரிடம் வேலை பழகும் ஓர் இளைஞர், ஒரே ஒரு லேப்டாப். சுற்று வட்டாரத்து மளிகைக் கடைகள், ஹார்டுவேர் கடைகள், மஞ்சள் மண்டி ஆட்கள் என எல்லாருடைய கணக்கும் அதில்தான் இருந்தது. டாலி என்ற கணக்கு மென்பொருளில் போட்ட கணக்குகள், எக்செல் தாள்கள், வாடிக்கையாளர் ஆவணங்களின் ஸ்கேன்கள். கடைசியாக பென் டிரைவில் நகல் எடுத்தது முந்தைய நிதியாண்டின் முடிவில்.

லேப்டாப் ஐந்து வயதானது. அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் வகை. 19.5 வோல்ட், 65 வாட் சார்ஜர். பின்னின் நடுவே மெல்லிய ஊசி இருக்கும் மாதிரி. பேட்டரி உள்ளே, திருகு கழற்றினால்தான் எடுக்க வரும். சார்ஜர் இல்லாமல் அரைமணி நேரம் தாங்கும் அளவுக்கு அது தளர்ந்திருந்தது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி தனிப் பலகையாக இருந்தது, மதர்போர்டிலேயே ஒட்டியது அல்ல. இந்தக் கடைசி விவரம் பின்னால் பெரிதும் உதவியது.

நேரம்தான் மோசம். ஏப்ரல் 17. மார்ச் மாதத்துக்கான ஜிஎஸ்டி வரிக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி-யை 20-ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும். தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அவர் கையில் இருந்ததோ பல வாடிக்கையாளர்களின் படிவங்கள். விற்பனை விவரம் ஜிஎஸ்டிஆர்-1 வழியாக ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் விற்றவர்கள் பதிந்த பில்களின் பட்டியலாகப் போர்ட்டலில் வரும் 2பி-யைக் கொள்முதல் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகையை, எடுக்க முடியும். அந்தக் கொள்முதல் கணக்கு லேப்டாப்பில் மட்டுமே இருந்தது.

அன்று என்ன நடந்தது

மதியம் இரண்டு மணி வாக்கில் அலுவலகத்து டியூப்லைட் திடீரென்று கண்ணைக் கூசும்படி எரிந்தது, ஃபேன் வேகம் எடுத்தது. அதே நேரம் கீழ்த்தளத்து இனிப்புக் கடையில் விளக்குகள் மங்கி, ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் முனகி நின்றது. ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் பிரகாசமும் இன்னொரு பக்கம் மங்கலும் வந்தால் சந்தேகிக்க வேண்டியது மின்சாரம் திரும்பிப் போகும் பொதுக் கம்பியான நியூட்ரலைத்தான்.

இங்கும் அதுவே. வளாகத்துக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. மெயின் போர்டில் நியூட்ரல் கம்பிகளை இணைக்கும் லிங்க் தளர்ந்து, சூடேறி, கருகித் தொடர்பு விட்டிருந்தது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 இருக்கும். நியூட்ரல் போய்விட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு என்பதைச் சுமைதான் தீர்மானிக்கும். பளு அதிகமுள்ள ஃபேஸில் வோல்ட்டேஜ் சரியும், பளு குறைந்த ஃபேஸில் ஏறும். கீழே ஃப்ரீஸர்கள், மேலே ஒரு ஃபேன், ஒரு விளக்கு, ஒரு லேப்டாப். ஓடி வந்த எலக்ட்ரீஷியன் மெயினை அணைக்கும் முன் மேல்மாடிப் பிளக்கில் அளந்தபோது 330 வோல்ட் காட்டியது.

அதற்குள் சார்ஜரிலிருந்து டப்பென்று சத்தம், கருகல் வாடை. எலக்ட்ரீஷியன் லிங்க்கை மாற்றி, அரைமணி நேரத்தில் கரண்ட் சரியாக வந்தது.

மறுநாள் காலை உரிமையாளர் லேப்டாப்பை வேறொரு கடைக்குக் கொண்டுபோனார். அங்கே சார்ஜர் போட்டுப் பார்த்தார்கள், விளக்கு எரியவில்லை. “ஹை வோல்ட்டேஜில் போர்டு போயிடுச்சு, மாத்தணும்” என்று 13,000 ரூபாய் சொன்னார்கள். திறந்து பார்க்கவில்லை. சொன்ன விதம் தவறாக இருந்தாலும் அந்த ஊகத்தில் வியப்பில்லை. 330 வோல்ட் என்று கேட்டவுடன் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அன்று மதியம் லேப்டாப் பழுது பார்க்கும் என் மேசைக்கு வந்தது.

மேசையில் முதலில் பார்த்தது

பவர் பட்டனை அழுத்தினால் எதுவும் இல்லை. விளக்கில்லை, ஃபேன் அசைவில்லை. சரியான சார்ஜர் போட்டாலும் அதே நிலை. அதோடு அந்தச் சார்ஜரின் விளக்கும் அணைந்துவிடுகிறது. சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரி இணைப்பையும் கழற்றி, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கும் வழக்கமான வைத்தியத்தையும் செய்தேன். பட்டனைக் கவனிக்கும் கன்ட்ரோலர் சிப் எங்கேயாவது மாட்டிக்கொண்டு நின்றிருந்தால் இது எழுப்பிவிடும். செலவில்லாத சோதனை என்பதால் எப்போதும் முதலில் செய்வது. இங்கே பலனில்லை.

சார்ஜர் விளக்கு அணைந்ததுதான் முக்கியத் தடயம். உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதனால் சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. இந்த நிலையில் திரும்பத் திரும்ப சார்ஜர் செருகிப் பார்ப்பது நோயாளியை அடித்து எழுப்புவதற்குச் சமம். அதோடு செருகிப் பார்ப்பதை நிறுத்தினேன். பேட்டரி இணைப்பை மறுபடி மாட்டவும் இல்லை.

அப்புறம் கேள்விகள். உரிமையாளர் சம்பவத்தின்போது வெளியே இருந்திருக்கிறார். கூட வந்திருந்த இளைஞர்தான் நேரில் பார்த்தவர், ஆனால் பேசாமல் நின்றார். அவர் பக்கம் திரும்பி, “தம்பி, சார்ஜர் வெடிச்சப்புறம் லேப்டாப் ஓடுச்சா, அப்பவே நின்னுடுச்சா?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நேரம் ஓடுச்சுங்கண்ணா. நான் டைப் பண்ணிட்டிருந்ததை சேவ் கூடப் பண்ணினேன்.”

“அப்புறம்?”

இளைஞர் உரிமையாளரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “கரண்ட் சரியானதும், கீழ் கடையில ஒரு யுனிவர்சல் சார்ஜர் இருந்துச்சு, வாங்கிப் போட்டேனுங்க. செருகினப்ப பின்னுல பொறி வந்துச்சு. அதோட நின்னு போச்சுங்கண்ணா.”

உரிமையாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தத் தகவல் இப்போது அவருக்கு ஆயிரக்கணக்கில் மிச்சம் செய்யப்போகிறது என்று சொன்ன பிறகு அடங்கினார். அந்த யுனிவர்சல் சார்ஜரைக் கொண்டுவரச் சொன்னேன். பக்கவாட்டில் 12 முதல் 24 வரை வோல்ட்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் இருந்தது. அது 24-இல் நின்றது.

கதை அங்கேயே மாறிவிட்டது. 330 வோல்ட் கொன்றது சார்ஜரை மட்டும். லேப்டாப் நின்றது அதற்குப் பின்னால், கரண்ட் சரியாகிவிட்ட நேரத்தில்.

முதல் முடிவு: போர்டு பிறகு, கணக்கு முதலில்

தேதி 18. போர்டு ஒரு மணி நேரத்தில் எழலாம், ஒரு வாரமும் ஆகலாம், எழாமலும் போகலாம். கணக்கை அதோடு கட்டிவைக்க முடியாது. எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் செருகினேன். டிரைவ் உயிரோடுதான் இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

“நாங்க எந்தப் பூட்டும் போடலையே” என்றார் உரிமையாளர். உண்மைதான். வசதியுள்ள கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு விண்டோஸைத் தொடங்கினாலே டிரைவ் தானாகப் பூட்டப்பட்டுவிடலாம். சாவி போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் காவலில் இருப்பதால் அன்றாடம் யாருக்கும் பூட்டு கண்ணில் படாது. போர்டு இறந்தால்தான் தெரியும். போர்டை மாற்றியிருந்தாலும் இதே கேள்விதான் வந்திருக்கும். முதல் கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சாவியின் ஒரு நகல் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். எந்தக் கணக்கு என்பதில்தான் இழுபறி. லேப்டாப் வாங்கிய அன்று விற்ற கடைப் பையன் ஒரு மின்னஞ்சலை உருவாக்கிக் கொடுத்திருக்கிறான், அதன் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. அந்த மின்னஞ்சல் முகவரியை உரிமையாளரின் பழைய பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள். அதில் கொடுத்திருந்த செல்பேசி எண் இன்னும் அவர் கையில் இருந்த எண். ஓடிபி வந்தது, கடவுச்சொல் மாறியது, சாவி கிடைத்தது. திரையில் காட்டும் சாவி அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகள் கணக்கில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே 48 இலக்கங்களையும் உள்ளிட்டேன்.

டாலி தரவுக் கோப்புறை, எக்செல், ஸ்கேன்கள் எல்லாம் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலாயின. உரிமையாளர் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் உட்கார்ந்து அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிட்டார். இனி லேப்டாப்புக்கு அவசரமில்லை. அவசரம் போன பிறகு செய்யும் போர்டு வேலை எப்போதும் நன்றாக வரும்.

செத்த சார்ஜர் சொன்னது

பழுது பார்க்க அல்ல, சாட்சிக்காக அந்தச் சார்ஜரை உடைத்துத் திறந்தேன். ஃபியூஸ் போயிருந்தது. மின்னூட்டத்தைத் தேக்கும் பெரிய கபாசிட்டரின் தலை பிளந்து உள்ளிருந்த திரவம் கசிந்திருந்தது. 330 வோல்ட் ஏசி, டையோடு பாலத்தைத் தாண்டி டிசி ஆகும்போது உச்சம் 466 வோல்ட்டுக்கு மேல் போகும். கபாசிட்டர் மேல் எழுதியிருந்தது 400. வெடித்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம், லேப்டாப்புக்கு 19.5 வோல்ட் தரும் பகுதியில், டையோடும் கபாசிட்டர்களும் நல்ல நிலையில் இருந்தன. நல்ல சார்ஜர் இப்படித்தான் சாகும்: முன்பக்கம் தன்னைப் பலி கொடுத்து ஃபியூஸை எரித்துவிடும், பின்பக்கம் வெறுமனே நின்றுபோகும். இளைஞர் சொன்னதோடு இது அப்படியே பொருந்தியது. (வெடித்த சார்ஜரை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். ஃபியூஸ் போயிருந்தாலும் கபாசிட்டரில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும்.)

போர்டில் தேடியது

லேப்டாப்பில் சார்ஜர் ஜாக்கிலிருந்து வரும் மின்சாரம் ஸ்விட்ச் போல வேலை செய்யும் இரண்டு மாஸ்ஃபெட்களைக் கடந்து பிரதான மின்தடத்துக்குப் போகிறது. பேட்டரியும் தன் வழியே அதே தடத்துக்குத்தான் வருகிறது. அங்கிருந்துதான் 3.3 வோல்ட், 5 வோல்ட், சிபியு, ரேம் எல்லாவற்றுக்கும் பிரிகிறது. ஷார்ட் ஜாக்குக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் இடையே மட்டும் இருந்திருந்தால் பேட்டரியில் லேப்டாப் ஓடியிருக்கும். பேட்டரியிலும் ஓடவில்லை என்பதால் சந்தேகம் பிரதான தடத்தின் மேல் விழுந்தது.

மல்டிமீட்டர் அதை உறுதி செய்தது. ஜாக் பக்கம் ஷார்ட் இல்லை. இரண்டு மாஸ்ஃபெட்களையும் தாண்டிய இடத்தில், கிரவுண்டுக்கு 0.6 ஓம். மீட்டரின் இரு முனைகளைத் தொட வைத்தாலே 0.3 காட்டும் என்பதால் உண்மையான மதிப்பு இன்னும் குறைவு. அங்கே குறைந்தது ஆயிரக்கணக்கான ஓம் இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தடத்தில் டஜன் கணக்கில் பீங்கான் கபாசிட்டர்கள் இணையாக நிற்கின்றன, எது ஷார்ட் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது போர்டைக் குதறுவது. வழக்கமான முறை, வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி எது சூடாகிறது என்று பார்ப்பது. இங்கேதான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: எத்தனை வோல்ட்?

சிலர் நேரே 19 வோல்ட்டை விடுகிறார்கள். சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷார்ட் ஒரு கபாசிட்டரில் இல்லாமல் சிபியுவுக்கு ஊட்டும் மேல் மாஸ்ஃபெட்டில் இருந்தால், அந்த 19 வோல்ட்டும் நேரே சிபியுவுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு 13,000 ரூபாய் போர்டுதான் மிச்ச வழி. ஆகவே முதலில் சிபியு காயில், ரேம் காயில், 3.3, 5 வோல்ட் காயில்கள் ஒவ்வொன்றையும் அளந்தேன். எதற்கும் பிரதான தடத்தோடு நேரடித் தொடர்பு இல்லை. அதன் பிறகும் பவர் சப்ளையை 1 வோல்ட்டுக்கு மேல் ஏற்றவில்லை. சிபியு வழக்கமாக வாங்கும் அளவே ஏறக்குறைய அதுதான், எங்கே போனாலும் கெடுதி செய்யாது. மின்னோட்ட வரம்பு 3 ஆம்பியர்.

வெப்பம் பார்க்கும் கேமரா இல்லை. சீக்கிரம் ஆவியாகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை அந்தப் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவி சப்ளையை ஆன் செய்தேன். மற்ற இடமெல்லாம் ஈரமாக இருக்க, சார்ஜிங் சிப்புக்குப் பக்கத்து ஒரு கபாசிட்டரின் மேல் மட்டும் சில நொடிகளில் உலர்ந்தது. போர்டின் அமைப்பு வரைபடத்தில் அது 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். சூடான காற்றால் அதை எடுத்தவுடன் தடத்தின் எதிர்ப்பு லட்சக்கணக்கான ஓமுக்குத் திரும்பியது. பக்கத்து மாஸ்ஃபெட் இரண்டையும் அப்போதே சோதித்தேன். ஒன்று உள்ளேயே ஒட்டிப்போயிருந்தது. கபாசிட்டரும் மாஸ்ஃபெட்டும் வேறொரு செத்த போர்டிலிருந்து, அதே அளவில், கிடைத்தன.

24 வோல்ட் ஏன் 25 வோல்ட் கபாசிட்டரைக் கொல்ல வேண்டும்? கரண்டில் இருக்கும் சார்ஜரின் பின்னை லேப்டாப்பில் செருகும்போது, வயரின் மின்தூண்டலும் (இண்டக்டன்ஸ்) காலியாக இருக்கும் பீங்கான் கபாசிட்டர்களும் சேர்ந்து ஊஞ்சலாடுகின்றன. அந்த முதல் கணத்தில் வோல்ட்டேஜ் சார்ஜர் அளவைப்போல இரு மடங்கு வரை எகிறலாம். 24 என்றால் 48-ஐத் தொடலாம். ஒட்டிப்போன மாஸ்ஃபெட்டின் தாங்கு அளவு 30. இளைஞர் பார்த்த பொறி அந்தக் கணத்தில் வந்தது. இதே எகிறல் 19.5 வோல்ட் சார்ஜரிலும் உண்டு என்பதால், பின்னை முதலில் லேப்டாப்பில் செருகிவிட்டு அதன்பின் சுவர் ஸ்விட்சைப் போடுவது நல்ல பழக்கம். ஆனால் 24 வோல்ட்டில் அந்த எகிறலைத் தாங்க, பாகங்களின் தாங்கு அளவு போதவில்லை.

எழுந்த விதம்

பேட்டரி இல்லாமல், பவர் சப்ளையிலிருந்து 19.5 வோல்ட், 1 ஆம்பியர் வரம்போடு கொடுத்தேன். 0.02 ஆம்பியர் எடுத்தது. காத்திருப்பு மின்சாரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் இருந்தன. பட்டனை அழுத்தினால் மட்டும் அசைவில்லை.

இந்த இடத்தில் சிப்புகளை மாற்றத் தொடங்குவது பெரிய சபலம். அதற்கு முன் போர்டிலுள்ள சிறு நாணய பேட்டரியைக் கழற்றி, பட்டனை அரை நிமிடம் அழுத்தி, சில நிமிடம் விட்டு மறுபடி மாட்டினேன். முன்பு பலன் தராத அதே வைத்தியம் ஷார்ட் போன பிறகு வேலை செய்தது. வரம்பை 3 ஆம்பியருக்கு உயர்த்தி பட்டனை அழுத்தியதும் மீட்டர் 0.3, 0.7 என்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. திரை கறுப்பு. ஃபேன் சுற்றி நின்றது, மறுபடி சுற்றியது.

நிறைய பேர் இங்கே அணைத்துவிடுகிறார்கள். நாணய பேட்டரியைக் கழற்றிய பிறகு முதல் தடவை ரேமைப் புதிதாகச் சோதித்துப் பழக்கிக்கொள்ள சில கணினிகளுக்கு ஓரிரு நிமிடம் பிடிக்கும், அதுவரை திரை வராது. மீட்டரில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்கும் வரை உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். காத்திருந்தேன். தேதியும் நேரமும் தவறு என்ற அறிவிப்போடு திரை வந்தது. எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் பிட்லாக்கர் மறுபடி சாவி கேட்டது. பயாஸ் (லேப்டாப் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்பு அழிந்ததால் அது இயல்பு. சாவி இப்போது கையில் இருந்தது.

விளைவும் செலவும்

பேட்டரி மட்டும் திரும்பவில்லை. ஷார்ட்டான தடத்தோடு இணைந்து ஓரிரவு இருந்ததில் அதன் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டுவிட்டது. சார்ஜ் பூஜ்யத்திலேயே நின்றது. லித்தியம் பேட்டரியின் பாதுகாப்பை உடைத்து வலுக்கட்டாயமாகச் சார்ஜ் ஏற்றும் வித்தைகள் உண்டு. அதைச் செய்ய மறுத்துவிட்டேன். எப்படியும் அது கடைசிக் கட்டத்தில் இருந்த பேட்டரி.

சார்ஜர் 1,400, பேட்டரி 2,800, கூலி 2,500. மொத்தம் 6,700 ரூபாய். 3பி படிவங்கள் 20-ஆம் தேதி இரவுக்குள் போய்விட்டன. வாங்கிய சார்ஜரில், அது எந்தச் சார்ஜர் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் நடு ஊசி வேலை செய்கிறதா என்று பயாஸில் பார்த்துத்தான் கொடுத்தேன். ஊசி தொடர்பு இல்லாத மலிவு சார்ஜரில் இந்த வகை லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். அப்புறம் போர்டில்தான் இன்னும் கோளாறு என்று திரும்பி வருவார்கள்.

பிறகு மாறியவை

அலுவலகத்துக்கு ஸ்பைக் கார்டு வாங்கவா என்று உரிமையாளர் கேட்டார். ஸ்பைக் கார்டில் இருப்பது நொடியில் மிகச் சிறு பங்கு நேரமே நீடிக்கும் எகிறலைத் தாங்கும் வேரிஸ்டர். நிமிடக்கணக்கில் நிற்கும் 330 வோல்ட்டில் அதுவே கருகிவிடும். இங்கே வேண்டியது வோல்ட்டேஜ் எல்லை தாண்டினால் துண்டித்துவிடும் ரிலே. மேல்மாடி போர்டில், 270 வோல்ட்டுக்கு மேல் போனால் துண்டிக்கும்படி ஒன்று வைத்தார்கள். வளாகத்தின் மெயினிலும் நியூட்ரல் போனால் துண்டிக்கும் மூன்று ஃபேஸ் ரிலே வைக்கலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். மற்ற கடைக்காரர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டியது என்பதால் அது இழுத்துக்கொண்டிருக்கிறது. நியூட்ரல் லிங்க்கின் திருகுகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க மட்டும் எல்லாரும் சம்மதித்தார்கள்.

டாலி தரவு இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளி டிஸ்க்குக்குப் போகிறது. அது இளைஞரின் பொறுப்பு. 48 இலக்கச் சாவியைத் தாளில் அச்சிட்டு, அலுவலக வாடகை ஒப்பந்தம் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறார்கள்.

என் பக்கத்தில், லேப்டாப்பைப் பழுதுக்கு வாங்கி வைக்கும்போது நிரப்பும் சீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: “பழுது நடந்த பிறகு எந்தெந்தச் சார்ஜர் செருகினீர்கள்?” உரிமையாளரிடம் மட்டும் கேட்காமல், கடைசியாக அதைப் பயன்படுத்தியவரிடமும் கேட்கிறேன். முடிந்தால் தனியாக, அவர் முதலாளி டீ குடிக்கப் போயிருக்கும்போது.